மஞ்சள் கறுப்பாக விழுந்த படம்

ஓடியாடுகிறபோது தன்னைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் நாத்தனார். பிடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் என் வீட்டுக்காரர் அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைக் கடையில் மாட்டிவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் "நாங்க எடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன நாங்கள்? அந்தக் கேமராப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றது நான் ஒருத்திதான்.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் துணி மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி. அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்குகிற சரக்கு, தெமோதரை வழியாக மாட்டு வண்டியில் மெதுவாக வந்து சேரும். ஒரு சரக்கு விற்று அடுத்த சரக்கு வருகிற வரைக்கும் கிட்டங்கி பாதி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில்தான் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் விளையாடுவார்கள். வயதுக்கு வந்த பெண் தெருவில் ஓடக்கூடாது. கிட்டங்கிக்குள் ஓடலாம், ஆனால் அந்த நேரத்தில் ஆண்பிள்ளை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. இது என் மாமியார் வைத்த சட்டம். கடையின் முதலாளி என் வீட்டுக்காரர் என்றாலும், பிள்ளைகள் விளையாடும்போது அவருக்கே ஒரு பீஸ் துணி வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும்.

அவர்கள் விளையாடுவது நொண்டி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய கட்டம் போட்டு, ஒரு கட்சிப் பிள்ளைகள் உள்ளே நிற்பார்கள். எதிர்க்கட்சிக்காரி ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே வந்து அவர்களைத் தொட வேண்டும். தூக்கிய கால் தரையில் பட்டுவிட்டால் அவள் வெளியே. தீர்ப்புச் சொல்வது என் மாமியார். அவர் விதவை. வெள்ளைச் சீலையோடு மூலையில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். "ஊணிட்டாடி! பார்த்துட்டேன்! வெளிய போ!" என்று அவர் போடுகிற சத்தம் கடைக்குக் கேட்கும். சொந்த மகள் என்றும் பார்க்கமாட்டார். அந்த மகள்தான் என் நாத்தனார். எங்கள் தெருவில் அவளைப்போல நொண்டியடிக்கிறவள் கிடையாது. காற்றில் பஞ்சு போகிறமாதிரிப் போவாள். யாரை நோக்கிப் போகிறாள் என்பது தொட்ட பிறகுதான் தெரியும்.

அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீடு இந்தியாவில், மதுரைப் பக்கம். தை மாதம் முடிவதற்குள் அவளைக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னால் பெண்ணின் படம் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். கண்டியிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். நாற்காலி போட்டு, பக்கத்தில் பூச்சாடி வைத்து, அவளை முகம் கழுவச் சொல்லிப் பவுடர் பூசி, அசையாதே என்று உட்கார வைத்துப் பிடித்தார். படம் வந்ததும் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, இது யாரு?"

"ஏம்மா, உன்னைத்தானே எடுத்தாங்க."

"நான் என்னிக்கு இப்படி உக்காந்திருந்தேன்? பூச்சாடிக்குப் பக்கத்துல இன்னொரு பூச்சாடி. இவளைத்தான் அவுங்க கேட்டிருக்காங்க, சரி, கட்டிக்கட்டும். எனக்குன்னு ஒரு படம் வேணும். நொண்டியடிக்கிற மாதிரி. அங்க போனா இதெல்லாம் விடமாட்டாங்க. கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துபோயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தை வரும்போது சிரிப்பு இல்லை.

எங்களிடம் ஒரு கேமரா இருந்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது என் வீட்டுக்காரர் எடுத்து வந்தது. துருத்தி மாதிரி விரியும் நல்ல கேமராவை வேறு ஆள் கேட்டு வாங்கிவிட்டார். எங்களுக்கு வந்தது பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அட்டைப் பெட்டி. மேலே கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும். முன்னால் கண்ணாடி என்று பேருக்கு ஒரு சில்லு. என் வீட்டுக்காரர் அதில் கடை வாசலையும் மாட்டையும் எடுத்துப் பழகினார். கிட்டங்கிக்குள் அவர் வர முடியாதே. அதனால் பெட்டி என் கைக்கு வந்தது.

"இந்தா, இந்தக் குச்சியை இப்படித் தள்ளினா ஒரு படம். வெயில் வேணும். அசையக்கூடாது. மழையில, இருட்டுல, ஓடுறதை எல்லாம் இது எடுக்காது" என்றார்.

"அப்போ எதைத்தான் எடுக்கும்?"

"மாட்டை எடுக்கும். படுத்திருந்தா."

ஐப்பசி மழையில் முதல் பிலிம் சுருளை எடுத்தேன். சுருளைக் கண்டிக்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். வாங்கிப் பார்த்தால் சட்டியின் உட்புறத்தைப் படம் பிடித்தது போல இருந்தது. ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதைவிட அதிகமாக, இது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கப் படிப்பு எதற்கு? பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும், அதில் எதிரே இருப்பது தெரியும். நாத்தனார் வலது பக்கம் போனால் அந்தக் கண்ணாடியில் இடது பக்கம் போனாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்க அடுப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஓடுவதைப் பிடிக்க ஒரு வழி எனக்கு நெல் குத்தும்போது கிடைத்தது. உலக்கை மேலே போகும்போது வேகம், கீழே வரும்போது வேகம். ஆனால் உச்சியில், திரும்புவதற்கு முன்னால், அது நிற்கிறது. கண்ணிமைக்கும் நேரம், ஆனாலும் நிற்கிறது. பிறகு நாத்தனாரைக் குதிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவளும் உச்சியில் நின்றாள்.

"என்ன அண்ணி, வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்கிறீங்க?"

"நீ ஒலக்கை மாதிரி இருக்கே."

"ஆத்தா! உங்க மருமக என்னைய ஒலக்கைங்கிறாங்க!"

"சரியாத்தான் சொல்றா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வெளிச்சத்துக்கும் வழி கிடைத்தது. கார்த்திகையில் கிட்டங்கிக் கூரை ஒழுகியது. மழை விட்ட ஒரு நாள், மாற்றுவதற்காக நாலைந்து தகரங்களைக் கழற்றிப் போட்டார்கள். உள்ளே வெயில் கட்டித்தங்கம் போல விழுந்து கிடந்தது. ஆனால் அந்த இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் கருக்கல்தான். அப்போதுதான் கடையில் நாங்கள் செய்கிற வேலை ஒன்று ஞாபகம் வந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சீலை எடுக்க வரும்போது, சீலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டுவோம். அதற்கு முன்னால் அவர்கள் மடியில் வெள்ளை மல் துணியை விரித்துவிடுவோம். வாசல் வெளிச்சம் மல்லில் பட்டு மேலே ஏறும், முகம் பளிச்சென்று தெரியும். சீலைதான் அழகு கொடுத்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். துணிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வேலை தெரியும், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். மல் பீஸ்களைப் பிரித்துச் சுவரில் தொங்கவிட்டேன். தரையிலும் விரித்தேன். கிட்டங்கி திருவிழாக் கூடாரம் போல ஆகிவிட்டது.

தெருப் பிள்ளைகள் எல்லோரும் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தார்கள். படம் பிடிக்கிறார்கள் என்பதால் வழக்கத்துக்கு இரண்டு பங்காக முகத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். நாத்தனார் நிச்சயத்துக்கு வந்த மஞ்சள் பட்டைப் பாதி உடுத்திப் பாதி சொருகி வந்து நின்றாள். நிலைப்படியில் கார்த்திகைக்குக் கட்டிய துலுக்க சாமந்தி மாலை தொங்கியது. மாமியார் தன் மூட்டையில் உட்கார்ந்தார். ஒரு சுருளில் ஆறு படம். ஆறையும் எடுத்தேன்.

கண்டியிலிருந்து உறை வந்தபோது என் வீட்டுக்காரர் கடையில் பிரிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். பிள்ளைகள் இருந்தார்கள், கட்டம் இருந்தது, நாத்தனாரின் தூக்கிய கால்கூட ஒரு படத்தில் இருந்தது. முகங்கள்தான் இல்லை. எல்லா முகமும் அடுப்புக்கரி பூசினாற்போல இருந்தன. ஒரே ஒரு முகம் மட்டும் கண், மூக்கு, சுருக்கம் எல்லாம் தெளிவாக, நிலா போல விழுந்திருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த என் மாமியாரின் முகம்.

அவர்தான் முதலில் பேசினார்.

"தாலி ஏறப்போறவ மூஞ்சி கரி. தாலியறுத்தவ மூஞ்சி வெளிச்சம். இது என்னடா சகுனம்?"

"ஆத்தா, அது வெறும் பெட்டி" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெறும் பெட்டியா? அதுக்கு எங்களையெல்லாம் பிரிச்சுத் தெரியுதேடா! கொண்டுபோய் ஆத்துல போடு. இனி இந்த வீட்டுல படம்ங்கிற பேச்சு எடுக்கக்கூடாது."

நாத்தனார் கையை நீட்டினாள். அந்தப் படத்தை வாங்கி, தன் கறுத்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. கடல் தாண்டிப் போகப்போகிறவள். மாப்பிள்ளையின் முகத்தையே இன்னும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பெற்ற தாயே சகுனம் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றில் போடவில்லை. பெட்டியை அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, படங்களை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். எடுத்த இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. படத்தையும் பார்ப்பேன், இடத்தையும் பார்ப்பேன். நிலைப்படியில் சாமந்தி மாலை வாடிப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் அது கறுப்பு. கிட்டங்கிக் கதவுக்கு அடர்ந்த நீலம் பூசியிருந்தோம். படத்தில் அது வெள்ளை. முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாலை கறுப்பு, கதவு வெள்ளை, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். நாத்தனாரின் மஞ்சள் பட்டு கறுப்பு. நிலைப்படியில் பூசிய மஞ்சள் கறுப்பு. பிள்ளைகளின் நெற்றிக் குங்குமம் கறுப்பிலும் கறுப்பு. அப்புறம் கண்டிப் படக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் ஏன் முகத்தைக் கழுவச் சொன்னார்?

இந்தப் பெட்டிக்கு மஞ்சளும் சிவப்பும் கறுப்பு. நீலம் வெள்ளை. அதற்கு நம் கண் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்தது. மாமியார் முகத்தில் மஞ்சள் பட்டுப் பல வருஷமாயிற்று. அதனால்தான் அவர் மட்டும் தெரிந்தார்.

இதைக் கண்டுபிடித்தது லேசு. மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, அந்தச் சாமந்தி மாலை யாரு கட்டினது?"

"நான்தான். ஏன், பூ பத்தலையா?"

"மாலைக்கு என்ன கெட்ட சகுனம் அத்தை? அதுவும் கரியாத்தானே விழுந்திருக்கு."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நான் கதவைக் காட்டினேன். பட்டைக் காட்டினேன். "அன்னிக்கு அந்தப் படக்காரர் மூஞ்சி கழுவச் சொன்னப்ப, மங்கலமான பொண்ணை மஞ்சள் இல்லாம உக்காரச் சொல்றானேன்னு திட்டினீங்களே. அவருக்கு இது தெரிஞ்சிருக்கு. சொல்லத்தான் இல்ல."

படத்தில் மாலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் நல்லா விழுந்தது மஞ்சள் பூசாததாலதானா?" என்றார்.

"ஆமா அத்தை."

தன் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். "எங்கம்மா சாயல் அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கீரையைக் கையில் எடுத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் இல்லாமல் இன்னொரு தடவை படம் எடுக்கக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"கல்யாணம் வெச்சிருக்கிற பொண்ணு வெறும் மூஞ்சியோட நிக்கிறதாவது" என்று கீரையிடம் சொன்னார். "யாராவது பார்த்தா என்ன சொல்வாங்க?"

"கிட்டங்கிக்குள்ள யாரு அத்தை பார்க்கப்போறா? நீங்க வெச்ச சட்டம்தானே."

தன் சட்டத்தைத் தானே தப்பென்று சொல்வாரா?

"காலுக்குப் பூசாம விடமாட்டேன்" என்றார் கடைசியில். "முழங்கால் வரைக்கும் பூசணும். மூஞ்சியை மட்டும் உன் இஷ்டத்துக்கு விட்டுடறேன். பொட்டு இருக்கணும்."

தை பிறந்ததும் வெயில் வருகிற ஒரு நாளுக்காகக் காத்திருந்தோம். பயணத்துக்குப் பெட்டிகள் கட்டியாகிவிட்டது. ஒழுகாத கூரையை மறுபடி பிரிக்கச் சொன்னபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். தங்கைக்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நமுனுகுல மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மல் பீஸ்களை அவசரமாக விரித்தோம். நாத்தனாருக்கு நீலத் தாவணி எடுத்துக் கொடுத்தேன், வானத்து நீலம். முகத்தைக் கடலை மாவு போட்டுக் கழுவி வந்தாள். பவுடரும் இல்லாமல் அப்படி வெறும் முகமாக அவளைச் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பேன். மாமியார் அவள் காலுக்குத் தன் கையால் தொடாமல், பக்கத்து வீட்டுச் சுமங்கலியைக் கூப்பிட்டுப் பூசவைத்தார். அவர் மூட்டையில் உட்காராமல் வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார். படத்தில் தன் முகம் விழுந்துவிடக்கூடாது என்று.

ஆட்டம் தொடங்கியது. நெல் குத்தும்போது உலக்கை விழுகிற நேரம் "உஸ்" என்று மூச்சு விடுவோம் அல்லவா, அதே கணக்கில் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவள் கால் தரையில் விழுகிற நேரம் உஸ். உஸ்ஸுக்கும் உஸ்ஸுக்கும் நடுவில் குச்சியைத் தள்ள வேண்டும். முதல் மூன்றும் பிந்திவிட்டன என்று தள்ளும்போதே தெரிந்தது. நாலாவதற்கு அவள் என்னை நோக்கித் திரும்பினாள். சின்னக் கண்ணாடியில் அவள் எதிர்ப்பக்கமாகப் பறந்தாள். தள்ளினேன். ஐந்தாவது எடுப்பதற்குள் முதல் தூறல் மல்லில் விழுந்தது.

அப்புறம் ஆட்டமாவது படமாவது! எல்லோரும் கத்திக்கொண்டு துணியைச் சுருட்டினோம். தரையில் விரித்த மல் முழுக்க மஞ்சள் பாதங்கள், ஒற்றைப் பாதங்களாக. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "இதை யாருக்கு விற்கிறது ஆத்தா?"

"முழுசையும் மஞ்சள்ல முக்கி எடுடா. தைப்பூசம் வருதில்ல. காவடி எடுக்கிறவங்க வாங்கிட்டுப் போவாங்க" என்றார் மாமியார். அப்படியே நடந்தது. ஸ்பிரிங்வெளிக்காரர்களே பாதியை வாங்கிப்போனார்கள்.

சுருள் கண்டிக்குப் போனது. பயண நாள் நெருங்க நெருங்க நாத்தனார் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு அவள் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கிளம்புகிற காலையில் வண்டி வாசலில் நின்றது. மாட்டைப் பூட்டியாயிற்று. சாமான் ஏற்றியாயிற்று. உறவு சனம் எல்லாம் அழுகிறது. என் வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை.

"பொண்ணோட அண்ணன் எங்கம்மா? நேரமாச்சில்ல?" என்று கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தார்.

என் வீட்டுக்காரர் தபால் கந்தோர் வாசலில் கதவு திறப்பதற்காக நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவே பார்க்க, கையில் உறையோடு ஓடி வந்தார். அந்த மனுஷர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைப் பிடிக்கக் கையில் பெட்டி இல்லையே என்று இப்போதும் நினைப்பேன்.

வண்டிக்குள் உட்கார்ந்தபடி அவள் பிரித்தாள். முதல் மூன்றும் புகை போலக் கலங்கியிருந்தன. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டாள். முகம் அப்படியே இருந்தது. சிரிக்கப்போகிற வாய், யாரைத் தொடப்போகிறாள் என்று சொல்லாத கண், நெற்றியில் கறுத்த பொட்டு. தாவணி வெள்ளையாகப் பறந்தது. கால் இரண்டும் கறுத்த காலுறை போட்டதுபோல இருந்தன. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க! ரெண்டு காலுமே தரையில இல்ல!"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தூக்கிய கால் மேலே மடங்கியிருந்தது. நிற்கிற கால் என்று நாங்கள் இத்தனை வருஷம் நினைத்திருந்த காலும் தரையை விட்டு ஒரு சாண் மேலே இருந்தது. கீழே வெள்ளை மல்லில் அதன் நிழல் தனியாகக் கிடந்தது. உச்சியில் நிற்கிறாள் என்று கண்டுபிடித்தவள் நான்தான். ஆனால் எதன் மேல் நிற்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஆத்தா, நீங்கதானே தீர்ப்புச் சொல்றவங்க" என்று அவள் படத்தை வண்டிக்கு வெளியே நீட்டினாள். கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது, அதோடு சிரிப்பும். "தூக்கின காலை ஊணினா அவுட்டு. ரெண்டையுமே ஊணலைன்னா?"

மாமியார் படத்தை வாங்கி வெயிலுக்குத் திருப்பினார். வண்டிக்காரர் தார்க்குச்சியோடு காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். மாமியார் அவசரப்படவில்லை. காலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், மகளின் வெறும் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கு ஆட்டத்துல சட்டமே கிடையாதுடி" என்றார்.

படத்தை மகளின் மடியில் வைத்து, முந்தானையால் மூடிவிட்டார். வண்டி நகர்ந்தது. தெருமுனை திரும்புகிற வரைக்கும், உள்ளே அவள் அந்தப் பெரியவரிடம் நொண்டி ஆட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.